உடம்பின் உறைகள்: எபிதீலியத் திசுவும் சவ்வுகளும்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு உடற்கூறியல் எதற்கு என்று மலர்க்குழு நண்பர்களே கேட்டார்கள். கேஸ்கட், ஆயில் சீல், ஃபில்டர், லைனர், பெயிண்ட் கோட்டிங் எல்லாம் மூன்று வருடமாகப் படிக்கிறோம். ஒரு இடத்தை இன்னொரு இடத்திலிருந்து பிரிப்பது, கசியாமல் அடைப்பது, வேண்டியதை விட்டு வேண்டாததைத் தடுப்பது, இதுதானே இவற்றின் வேலை? அதே வேலையை நம் உடம்பில் செய்யும் பொருளுக்கு எபிதீலியத் திசு என்று பெயர். எங்க அக்கா நர்சிங் படித்தபோது ரெக்கார்டு நோட்டுக்குப் படம் வரைந்து கொடுத்தவன் நான்தான். என்ஜினீயரிங் டிராயிங் பழகிய கை என்பதால் செல்களைக் கோடு பிசகாமல் வரைவேன். வரைய வரையக் கேள்வி கேட்பேன், அக்கா பதில் சொல்லுவாங்க. அப்படிக் கற்றதோடு பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது போகப் போகத் தெரியும்.

திசு என்பது ஒரே வேலையைச் செய்யும் செல்களின் கூட்டம். உடம்பில் நான்கு பெரும் வகைத் திசுக்கள்: எபிதீலியம், இணைப்புத் திசு, தசை, நரம்பு. இதில் எபிதீலியம் என்பது எங்கெல்லாம் ஒரு பரப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் விரிக்கப்பட்டிருக்கும் விரிப்பு. உடம்பின் வெளிப்பக்கம், குழாய்களின் உள்பக்கம், பைகளின் உள்சுவர், எல்லாம் இதுதான். செல்கள் தரையில் பதித்த டைல்ஸ் மாதிரி நெருக்கமாக ஒட்டி நிற்கும். நடுவில் இடைவெளி கிடையாது என்றே சொல்லலாம். ஒரு பக்கம் திறந்த வெளி, மறுபக்கம் அடித்தளச் சவ்வு.

இந்தத் திசுவுக்கென்று சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது என்பது முக்கியமான விஷயம். கீழே இருக்கும் இணைப்புத் திசுவிலிருந்து அடித்தளச் சவ்வு வழியாக ஊறி வரும் சத்தில்தான் இது பிழைக்கிறது. ஷேவ் பண்ணும்போது லேசாகத் தோல் உரிந்தால் எரியும், ஆனால் ரத்தம் வராது. ரத்தம் வந்தால் பிளேடு எபிதீலியத்தைத் தாண்டிக் கீழே போய்விட்டது என்று அர்த்தம்.

அடித்தளச் சவ்வை லேசாக எண்ணிவிடக் கூடாது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கியது. விஷமுறிவு மருந்து தயாரிக்க நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். விரியன் கடித்தால் ரத்தம் கசிவது ஏன் தெரியுமா? அந்த விஷத்தில் உள்ள சில நொதிகள் நுண்ணிய ரத்தக் குழாய்களின் அடித்தளச் சவ்வை அரித்துவிடுகின்றன. ரத்தம் உறையும் சக்தியையும் அந்த விஷம் கெடுப்பதால் கசிவு நிற்பதும் இல்லை. ஃபவுண்டேஷன் போனால் மேலே டைல்ஸ் இருந்து என்ன பயன்?

வகைகள்

வகை பிரிப்பது சுலபம். செல்லின் வடிவம் என்ன, எத்தனை அடுக்கு, இரண்டே கேள்விதான். ஒரே அடுக்கு என்றால் எளிய எபிதீலியம், பல அடுக்கு என்றால் கூட்டு அல்லது அடுக்கு எபிதீலியம். வடிவத்தில் தட்டை, கனசதுரம், தூண் என்று மூன்று. எளிய தட்டை எபிதீலியம் நுரையீரலின் காற்று நுண்ணறைகளிலும் ரத்தக் குழாய்களின் உள்பக்கத்திலும் இருக்கிறது. கனசதுரம் சிறுநீரக நுண்குழல்களிலும் பல சுரப்பிகளிலும் இருக்கிறது. தூண் வடிவம் இரைப்பையிலும் குடலிலும். மூச்சுக் குழாயில் இருப்பது ஒரே அடுக்குதான், ஆனால் செல்களின் உட்கரு மேலும் கீழுமாக நிற்பதால் பல அடுக்கு மாதிரித் தெரியும். அதனால் அதற்குப் பொய் அடுக்கு எபிதீலியம் என்று பெயர். அதன் தலையில் குற்றிழைகள் உண்டு. சிறுநீர்ப்பையில் மாறுநிலை எபிதீலியம். பை நிறைந்தால் செல்கள் விரிந்து தட்டையாகும், காலியானால் மீண்டும் உப்பிக்கொள்ளும். சுரப்பிகளும் எபிதீலியம் உள்ளே மடிந்து உருவானவைதான். பரீட்சைக்கு இது போதும்.

ஆனால் ஒரு டிசைன் என்ஜினீயராக யோசித்தால் இதற்குள் ஒரு விதி தெரியும். எங்கே தேய்மானம் அதிகமோ அங்கே பல அடுக்கு. எங்கே பொருள் கடந்து போக வேண்டுமோ அங்கே ஒரே அடுக்கு. இரண்டையும் ஒரே இடத்தில் கேட்டால் கிடைக்காது. தடித்தால் பாதுகாப்பு, மெலிந்தால் போக்குவரத்து.

தோல்: தேய்மானத்தின் பக்கம்

எங்கள் ஊர் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை இருக்கிறது. கடல் காற்றின் உப்பு பட்டுப் பட்டுப் பழைய செங்கல்லின் முகம் பொடிப்பொடியாக உதிரும். கோட்டைச் சுவருக்குத் தானாக வளரத் தெரியாது. நம் தோலுக்குத் தெரியும். தோலின் மேற்பகுதி அடுக்குத் தட்டை எபிதீலியம். அடி அடுக்கில் செல்கள் ஓயாமல் பிரிந்து புதிய செல்களைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மேலே வர வர அவற்றில் கெரட்டின் என்ற புரதம் நிறைந்து, உட்கரு மறைந்து, செத்த செதில்களாகி உதிர்கின்றன. அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். கண் இமையில் இந்த அடுக்கு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. உள்ளங்காலில் ஒன்றரை மில்லிமீட்டர் வரைக்கும் போகும்.

தோலுக்கு இன்னொரு புத்தியும் உண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உரசினால் அங்கே அடுக்கைக் கூட்டிக்கொள்ளும். வலை இழுக்கிற கை, உளி பிடிக்கிற கை, ஃபிட்டிங் ஷாப்பில் ஃபைல் போடுகிற கை, எல்லாம் காய்த்துப் போவது இதனால்தான். காய்ப்பு என்பது நோய் இல்லை, உடம்பு போட்டுக்கொண்ட கவசம். இந்தக் காய்ப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொரு இடத்தில் வேறு மாதிரி வரும்.

கடத்துகிற பக்கம்

பக்கத்துக் கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். அதில் ஒரு பகுதி சவ்வு முறை. நாளொன்றுக்கு 18 லட்சம் லிட்டர் திறனோடு 2002-இல் இயங்கத் தொடங்கியது. நெம்மேலியில் சென்னைக் குடிநீருக்காக 2013-இல் 10 கோடி லிட்டர், 2024-இல் 15 கோடி லிட்டர் திறனில் இரண்டு நிலையங்கள் வந்தன. இந்த ஆர்.ஓ. சவ்வின் குறுக்குவெட்டைப் பார்த்தால் எனக்கு அக்காவின் ரெக்கார்டு நோட்டுதான் ஞாபகம் வரும். மேலே பாலிஅமைடு படலம், ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குதான். வேலை முழுவதும் அதில்தான். அதற்குக் கீழே தாங்குவதற்கு நுண்துளைப் பிளாஸ்டிக், அதற்கும் கீழே பாலியெஸ்டர் துணி. எபிதீலியம், அடித்தளச் சவ்வு, இணைப்புத் திசு என்ற அதே ஏற்பாடு.

சிறுநீரகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடல்நீர் ஆர்.ஓ.வுக்கு 50, 60 பார் அழுத்தம் வேண்டும். சிறுநீரக வடிகட்டியில் ரத்த அழுத்தம் பாதரச அளவில் 50, 60 மில்லிமீட்டர், அதாவது ஒரு பாரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை வைத்துக்கொண்டு இரண்டு சிறுநீரகமும் நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. வடித்ததில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியே போகிறது. மீதியை நுண்குழலில் உள்ள கனசதுர செல்கள் திரும்ப உள்ளே வாங்கிக்கொள்கின்றன. எது வேண்டும் எது வேண்டாம் என்று அறிந்து வாங்குகின்றன. ஒப்பீடு இதற்கு மேல் செல்லாது. ஆர்.ஓ. சவ்வு உயிரற்றது, உப்பைத் தடுக்க மட்டும் தெரியும். எபிதீலியம் சக்தி செலவழித்து உப்பைப் பம்ப் செய்யும்.

இந்தப் பம்பை மீனிடம் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். கடல் மீனின் ரத்தத்தில் உப்பு கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அது கடல்நீரையே குடித்து, உப்பைச் செவுளின் எபிதீலியத்தில் உள்ள தனிச் செல்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. எங்கள் ஊருக்குத் தெற்கே பாலாற்று முகத்துவாரம் மாதிரி இடங்களில் உள்ளேயும் வெளியேயும் போய்வரும் கொடுவாயும் மடவையும், நல்ல தண்ணீருக்குள் வந்ததும் அந்த வேலையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளும். இத்தனை நாள் அதைக் குழம்பு வைத்துத்தான் பார்த்திருக்கிறோம்.

குடலில் தூண் செல்களின் உச்சியில் பிரஷ் மாதிரி நுண்விரலிகள் இருப்பதால் உறிஞ்சும் பரப்பு பெருகுகிறது. பழைய புத்தகங்களில் டென்னிஸ் கோர்ட் அளவு என்று போட்டிருக்கும். 2014-இல் வெளிவந்த அளவீட்டின்படி சுமார் 30 சதுர மீட்டர்தான், அதாவது பாதி பாட்மின்டன் கோர்ட்டுக்கும் குறைவு. அதே செல்களில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே கதவு வழியாகச் சேர்ந்து நுழையும், தண்ணீர் பின்னாலேயே போகும். வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

சவ்வுகள் நான்கு

எபிதீலியமும் அதன் அடியில் உள்ள இணைப்புத் திசுவும் சேர்ந்து ஒரு விரிப்பாக அமைந்தால் அதைச் சவ்வு என்கிறோம். தோலே ஒரு சவ்வுதான், உலர்ந்த சவ்வு. இரண்டாவது கோழைச் சவ்வு. வாய், மூக்கு, குடல், மூச்சுக் குழாய், சிறுநீர்ப் பாதை என்று வெளி உலகத்தோடு தொடர்புள்ள எல்லா வழிகளின் உள்பூச்சும் இதுதான், எப்போதும் ஈரமாக இருக்கும். மூன்றாவது சீரச் சவ்வு. வெளியே திறக்காத அறைகளில் இரட்டை மடிப்பாக இருக்கும். நுரையீரலைச் சுற்றி இருப்பது புளூரா, இதயத்தைச் சுற்றி பெரிகார்டியம், வயிற்றறையில் பெரிட்டோனியம். இரண்டு மடிப்புக்கும் நடுவே சில தேக்கரண்டி திரவம்தான். பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவில் ஆயில் படலம் செய்கிற வேலையை அது செய்கிறது. நான்காவது மூட்டுகளில் உள்ள சைனோவியல் சவ்வு. இதில் மட்டும் எபிதீலியம் கிடையாது, முழுக்க இணைப்புத் திசு. ஒரு மார்க் கேள்வியில் இதைத்தான் மாற்றி மாற்றிக் கேட்பார்களாம்.

மூச்சு வழி

இனி நான் எழுத வந்த இடம். மூச்சுக் குழாயின் கோழைச் சவ்வில் கோப்பை செல்கள் கோழையைச் சுரக்கின்றன. தூசி அதில் ஒட்டிக்கொள்கிறது. குற்றிழைகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, அந்தக் கோழையை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டையை நோக்கி மேலே தள்ளுகின்றன. கன்வேயர் பெல்ட்டேதான். இரவும் பகலும் ஓடும். பீடி, சிகரெட் புகை இந்தக் குற்றிழைகளை முடக்கும். பல வருடம் புகைத்தால் அந்த இடத்துச் செல்களே மாறி, குற்றிழை இல்லாத தட்டை அடுக்காக ஆகிவிடும். தேய்மானம் என்று நினைத்து உடம்பு கவசம் போடுகிறது, ஆனால் பெல்ட் நின்றுபோகிறது. பெல்ட் நின்றால் கோழையை இருமித்தான் வெளியே தள்ள வேண்டும். கேன்டீன் பின்னால் நிற்கிற தோழர்களுக்கு இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

பெல்ட்டின் எல்லை காற்று நுண்ணறையோடு முடிகிறது. அங்கே குற்றிழையும் கிடையாது, கோழையும் கிடையாது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடிக்கு மேல் நுண்ணறைகள். விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர். சுவர் எளிய தட்டை எபிதீலியம், அதை ஒட்டியே ரத்த நுண்குழாய். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே மொத்தத் தடிமன் சுமார் அரை மைக்ரான். நம் லேபில் உள்ள மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான். அதில் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிசாக இருந்தால்தான் ஆக்சிஜன் கண நேரத்தில் கடக்கும்.

தூசியில் பெரியது மூக்கிலும் குழாயிலும் நின்றுவிடும். ஐந்து மைக்ரானுக்குக் கீழே இருப்பதுதான் நுண்ணறை வரைக்கும் போய்ச் சேரும். அது கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போல வடக்கே மாமல்லபுரம். 1957-லிருந்து அங்கே சிற்பக் கல்லூரி இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ரோட்டோரப் பட்டறைகளில் உளிச் சத்தத்தைவிட இப்போது கிரைண்டர் சத்தம்தான் அதிகம். உளி கல்லைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும். கிரைண்டர் மாவாக அரைக்கும். கிரானைட் என்று சொல்லத் தகுந்த கல்லில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா இருக்கும். புதிதாக உடைந்த சிலிக்காவின் மேற்பரப்பு பழைய தூசியைவிட அதிகத் தீங்கு செய்யும்.

நுண்ணறைக்குள் காவலுக்கு இருக்கும் விழுங்கு செல்கள் அந்தத் துகளை விழுங்குகின்றன. விழுங்கிய செல் செத்துப்போகிறது. துகள் திரும்ப வெளியே வருகிறது, அடுத்த செல் விழுங்குகிறது, அதுவும் சாகிறது. அழற்சி ஓயாமல் நடக்க, அடியில் உள்ள இணைப்புத் திசு நாராக வளர்ந்து முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொள்கிறது. அரை மைக்ரான் சுவர் தடித்துப்போகிறது. சிலிகோசிஸ் என்பது இதுதான். உள்ளங்கையில் காய்ப்பு வந்தால் கவசம். நுரையீரல் காய்த்தால் மூச்சே போய்விடும். வந்த முடிச்சைக் கரைக்க மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம். காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் தூசியில் நின்ற பிறகுதான் தெரியவரும். தூசி மிக அதிகமானால் அதற்கும் முன்பே.

எங்க மாமா, அம்மாவின் தம்பி, இருபத்திரண்டு வருடம் கல் வேலை. இருமல் வந்தபோது ஒரு இடத்தில் எக்ஸ்ரே பார்த்து டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இருமல் போகவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லையாம். இரண்டாவது இடத்தில்தான் கேட்டார்கள். "கையப் பாருடா, உளி புடிச்சுப் புடிச்சு எப்படிக் காய்ச்சிருக்குது. அதுக்கு ஒண்ணும் ஆவல. உள்ளதான் போயிடுச்சு" என்றார். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். நான் தேடிப் படித்ததற்குக் காரணம் அவர்தான்.

மாமா வாயில் எப்போதும் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வார். துண்டின் நெசவில் நூலுக்கு நூல் உள்ள இடைவெளி ஐந்து மைக்ரானைப்போலப் பல மடங்கு. மீன் வலையில் கொசுவைப் பிடிக்கிற கதைதான். முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 வகை முகக்கவசம் தடுக்கும். ஆனால் வெயிலில் வியர்வையோடு எட்டு மணி நேரம் அதைப் போடச் சொல்வது எளிது, போடுவது கஷ்டம். தூசி கிளம்பும் இடத்திலேயே அடக்குவதுதான் சரியான வழி என்பது என் அபிப்பிராயம். இது டாக்டர் வேலை அல்ல, டிப்ளமோ படிக்கிற நம் வேலை. குவாரியிலும் கிரானைட் பாலிஷ் கம்பெனியிலும் நாளைக்கு சூப்பர்வைசராக நிற்பது நம்மில் சிலர்தான். தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், கண்டறிந்தால் அறிவித்தே தீரவேண்டிய நோய்களில் ஒன்றாக சிலிகோசிஸ் இடம்பெற்றது. ஆனால் ரோட்டோரக் கொட்டகையில் நாலு பேர் வேலை செய்தால் அதைத் தொழிற்சாலை என்று யார் எண்ணினார்கள்?

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இந்த வருடப் புராஜெக்டுக்கு ஒன்று செய்து பார்த்தோம். நாலு இஞ்ச் கிரைண்டரின் கார்டில் ஒரு சிறு நாசில். உயரத்தில் கட்டிய இருபது லிட்டர் கேனிலிருந்து டியூப் வழியாகத் தண்ணீர் சொட்டும். வால்வில் அளவு வைத்துக்கொள்ளலாம். கரண்ட் மிஷினில் தண்ணீர் விடுவது விளையாட்டு அல்ல. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடாமல் ஸ்விட்சைத் தொடக் கூடாது என்று எங்கள் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காற்றில் ஓடும் கிரைண்டர் என்றால் இந்தப் பயமே இல்லை, ஆனால் கம்ப்ரசர் விலை பட்டறைக்குக் கட்டாது. மாமாவுடைய நண்பரின் கொட்டகையில் ஓட்டிப் பார்த்தோம். புகை மாதிரி எழும்பும் தூசி வெகுவாகக் குறைந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூசி குறைந்ததை வைத்து, தெரியாத தூசியும் குறைந்தது என்று சொல்ல முடியாது. அதை எடைபோட்டு அளக்கும் சாம்பிளர் எங்களிடம் இல்லை. வைவாவில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

சிற்பிகளின் புகார் வேறு. "தண்ணி பட்டா காவிக் கோடு அழியுதுடா, எதப் பாத்து வெட்டுறது?" என்றார்கள். ஆயில் பெயிண்டில் கோடு போட்டால் நிற்கிறது. முகம், விரல் நுணுக்கம் வரும்போது மட்டும் ஈரத்தில் சரிவராது, அங்கே உளியும் முகக்கவசமும்தான். இன்னொன்றும் அங்கேதான் கவனித்தோம். தரையில் வடிந்த கல் சேறு மத்தியானத்துக்குள் காய்ந்து, காற்றடித்தால் மறுபடி மாவாகப் பறக்கிறது. அதை விளக்குமாற்றால் பெருக்கினால் காலையில் அடக்கிய தூசி சாயங்காலம் மூக்குக்குள் போய்விடும். ஈரம் காயும் முன்னே மண்வெட்டியால் வழித்துக் கோணியில் கட்டிவிட வேண்டும். இப்போது அந்தக் கொட்டகையில் மத்தியானம் சாப்பிடப் போவதற்கு முன் இந்த வேலை நடக்கிறது. கோணியை எங்கே கொட்டுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.